நிறுத்தி வைத்த இடம்

ஐஸ் பெட்டியின் வயர் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஜோஷ்வா குனிந்து, அதில் தன் அப்பாவின் செல்போன் சார்ஜரைச் செருகினான். பெட்டிக்குள் அப்பா யேசுதாஸ் கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் பையனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அப்பன் செத்துக் கிடக்கையில் போனுக்குச் சார்ஜ் போடுகிற பிள்ளையை வேறெப்படிப் பார்ப்பார்கள்?

“இன்னாடா இது, இப்பவா?” என்றாள் அம்மா சாராள்.

“இருக்கட்டும்மா.”

போனைக் கொண்டுவந்து கொடுத்தவர் அரசப்பன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் யேசுதாஸோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர்.

“தெனம் டீ டைம்ல இந்த கேம்தான் தம்பி. மூடாம வச்சா அங்கியே நிக்கும்னு நேத்துதான் கண்டுபுடிச்சாரு. சைரன் அடிச்சதும் என் கையில குடுத்து, ‘மூடுற செவப்பு பட்டன தொட்டுடாதே, எம்புள்ள கட்டின பாலத்தாண்ட வந்துட்டேன், சோத்து டைம்ல தாண்டிடுவேன்’னாரு. எழுந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டாரு.”

ஜோஷ்வாவுக்குச் சென்னையில் செல்போன் கேம் செய்கிற கம்பெனியில் வேலை. ஒரு லெவலில் எங்கே பள்ளம், எங்கே முள், எங்கே பாலம் என்று தீர்மானிப்பவன். பெரிய பள்ளத்துக்கு முன்னால் சின்னப் பள்ளம் ஒன்றைக் காட்டிப் பழக்க வேண்டும், கஷ்டமான இடத்தைத் தாண்டியவனுக்கு மூச்சு வாங்க விட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அப்பா ஆடிய இந்த கேமிலும் ஒன்றுவிடாமல் செய்திருந்தான். ஆனால் நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பி வர ஓர் இடம் மட்டும் வைக்கவில்லை. மூடினாலோ போன் அணைந்தாலோ மறுபடி முதலிலிருந்துதான்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார்.

“நடுவுல ஒரு எடத்துல நிக்க வையேன்டா. எங்க டீ டைம் பத்து நிமிஷம். மறுநா மொதல்லேர்ந்து ஓட வேண்டியதா கீது.”

“அப்டி வச்சா ஈஸியா பூடும் நைனா. இது உன்ன மாரி ஆளுங்களுக்கு செஞ்சது இல்ல.”

“சர்தான்” என்று சிரித்துக்கொண்டே போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த லெவலைப் பதினான்கு நிமிஷத்துக்கு அளந்து வைத்தவன் ஜோஷ்வாதான். நின்ற இடத்திலிருந்து தொடர நடுவில் ஒரு கொடி நட்டிருந்தால் போதும், அரை நாள் வேலை. அன்று சொன்ன சொல்லை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

போனைப் பார்த்தான். பாலத்துக்கு ஓரடி முன்னால் அந்தக் குட்டி மனிதன் நின்றான். கீழே ‘தொடரவா’ என்றிருந்தது. மூன்று தாவலில் கடந்துவிடலாம். விரல் போகவில்லை.

சர்ச் ஐயர் ஜெபம் முடித்தார். உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஐஸ் பெட்டிக்காரர் போர்டைப் பிடுங்கி வயரைச் சுற்றினார். அதற்குள் பாட்டரியில் இரண்டு கோடுதான் ஏறியிருந்தது. ஜோஷ்வா போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் முதல் மண்ணை மகன் போடட்டும் என்றார்கள். அவன் குழியோரம் குத்துக்காலிட்டுக் குனிந்தான். பையிலிருந்த போன் முழங்காலில் பட்டு, சிவப்பு பட்டன் அழுந்தப் பார்த்தது. சட்டென்று வலது கையால் அதைப் பொத்திக்கொண்டான்.

“சோத்துக் கையால போடு தம்பி” என்று அரசப்பன் காதோரம் சொன்னார்.

ஜோஷ்வா அந்தக் கையை எடுக்கவில்லை. இடது கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டான்.