அன்னையின் ஊர்தியில் நாலு மடிப்புக் கம்பளி

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள அத்தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவுலா ஆண்டுதோறும் டிரக்டரிலேயே நிகழ்ந்துவந்தது. அதன் இழுவைப்பெட்டி நீளமானது. மேற்பிரிவுக்கு ஏறும் வளைவுகளில் திரும்பாது. ஆகவே அன்னை கீழ் லயங்களின் வீட்டு வரிசைகளை மட்டும் வலம்வந்து கோயிலுக்கு மீள்வாள். மேல் லயத்தார் தட்டேந்தி இறங்கிவந்து தொழுதுபோவர். இவ்வாண்டு அவர்கள் வேண்டிக் கேட்டதனால், மேல் லயத்து விஜிதரனின் கெப் எனும் சிறு பாரவண்டி அன்னைக்கு ஊர்தியாயிற்று.

காலை ஒன்பது மணி. தேயிலைச் சரிவில் பனிமூட்டம் விலக, செவ்வந்தி மாலைகளின் நடுவே அன்னை வண்டியின் பின்தட்டில் எழுந்தருளினாள். தப்பு முழங்கிற்று. விஜிதரன் செருப்பைக் கழற்றி, வெறுங்காலுடன் ஏறியமர்ந்து, கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினான். கியர் கறகறவென்று அலறியதேயன்றி விழவில்லை.

"என்னா விஜி, அம்மன் வரமாட்டேங்குதா, ஒன் வண்டி போகமாட்டேங்குதா?" என்றார் மூக்கன். இத்தனை ஆண்டும் டிரக்டர் ஓட்டியவர் அவரே.

"சும்மா இருங்கண்ணே. நேத்து மேல வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். வெண்ணெ மாதிரி விழுந்துச்சு."

கோயில் தலைவர் நாகரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்குள்ள கெளம்பலேன்னா டிரக்டர்தான் தம்பி. கோவிச்சுக்காதீங்க."

விஜிதரனின் முகம் வாடியது. மேலே வாசல்தோறும் கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, நாற்பது வீட்டார் காத்திருந்தனர். விடியுமுன்னே இறங்கிவந்து வண்டியை அலங்கரித்திருந்த அவன் மனைவி பூரணி, கைகூப்பியபடி அன்னையையே நோக்கி நின்றாள்.

தொலைபேசியில் அழைத்த கால்மணி நேரத்தில், கடைவீதியில் வாகனம் திருத்தும் ஸுஹைர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். முன்மூடியைத் திறந்து கிளட்ச் ஒயில் கிண்ணத்தைப் பார்த்தார்; நிறைந்திருந்தது. குழாய்களைத் தடவினார், ஈரமில்லை. பின் வண்டிக்கடியில் புகுந்தார்.

"மிதிங்க தம்பி! விடுங்க! குழாய்க்குள்ள காத்துப் புடிச்சா பெடல் பொசுபொசுன்னு ஈக்கும். எப்பிடி ஈக்கி?"

"கெட்டியாத்தான் இருக்கு நானா" என்று அண்ணன் முறையில் விளித்துச் சொன்னான் விஜிதரன்.

ஆயினும் ஐயம் தீர, திருகாணியைத் தளர்த்திச் சிறிது ஒயிலை வெளியே விட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"கிளட்ச் சிலிண்டர் ரெண்டும் சுத்தம். ஆனா கீழ உள்ள கம்பி பாதி தூரந்தான் தள்ளுது. நீங்க பாதிதான் மிதிக்கிறீங்களோ?"

"தரையில முட்டுற வரைக்கும் மிதிக்கிறேனே!"

"எறங்குங்க. நான் பாக்கிறேன்."

மூக்கன், அன்னையை டிரக்டருக்கு மாற்றவென்று மாலைகளை அவிழ்க்க ஏணியைத் தேடலானார். கதவருகே வந்த ஸுஹைர், காலடியில் விரித்திருந்த சிவப்புப் பட்டுத் துணியையும் குங்குமத்தையும் கண்டு நின்றார். குனிந்து காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார்.

"நானா, நேரமில்ல. சப்பாத்தோடயே ஏறுங்க."

"நீங்க வெறுங்காலோட ஏறின எடத்துல நான் சப்பாத்தோட ஏறுறதா? நல்ல கத."

ஏறி மிதித்தார். விரல்கள் எதிலோ புதைந்தன. மறுபடி மிதித்தார்; முகம் மலர்ந்தது.

"தம்பி, காலுக்கு மிச்சம் சொகமா ஈக்கே. இது கெப்பா, கட்டிலா?"

பட்டுத் துணியை நீக்கினார். அதனடியில் நாலாக மடித்த தடித்த கம்பளியொன்று கிடந்தது. பெடல் முட்டிநின்றது தரையிலன்று, அக்கம்பளியில்.

அனைவர் பார்வையும் பூரணிமேல் சென்றது.

"குளிருல வெறுங்காலோட ஓட்டுவீங்களேன்னு நாந்தாங்க போட்டேன். காலையிலதான்."

"நல்லவேள, தலகாணி வைக்கல!" என்றார் மூக்கன். தப்படிப்பவரே கோலை நழுவவிட்டுச் சிரித்தார்.

கம்பளி வெளியேறியது. விஜிதரன் மிதிக்க, பெடல் அடிவரை சென்றது. கியர் ஓசையின்றி விழுந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "வழியில வண்டி நிண்டா நான் வேணும்" என்று ஸுஹைர் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்தார்.

டிரக்டர் ஒருநாளும் கடவாத முதல் வளைவில், மூக்கனே முன்னால் ஓடிப் பின்பக்கமாக நடந்து கையசைத்தார்: "ஒடி... இன்னும் ஒடி... அம்மன் சாயாம வா!" அரோகரா ஒலி மலையெங்கும் பரந்தது.

கம்பளியைத் தோளிலிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடிய பூரணி, வண்டிக்கு முன்பே தன் வாசலை எய்தியிருந்தாள். அன்னை அங்கு நின்றாள். ஆரத்தி எடுத்து நிமிர்ந்தவளின் கண்கள் நிறைந்திருந்தன. சன்னல் வழியே கணவன் முணுமுணுத்தான்:

"காலு வெறச்சுப் போச்சு புள்ள."

"கம்பளி தரவாங்க?"

"ஐயோ தாயே, வேணாம்!" என்று ஸுஹைரும் அவனும் ஒருங்கே அலறினர்.