கவ்வாத்துச் சாமியும் ஈமக்கல்லும்

கற்றோரே, மலையகத்து நோர்வூட் ஊரைக் கடந்து மேலேறினால், வானம் எது மலை எது என்று கண்ணுக்குப் பிடிபடாவண்ணம் பனி மூடிய தைத்திங்கள் காலையில், தேயிலைச் சரிவுகள் மடிப்பு மடிப்பாய்க் கீழிறங்கி ஓடைக்கரையைத் தொட்டுநிற்க, அவற்றின் உச்சியில் மூன்று நெடுங்கற்களின்மேல் ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடப்பதைக் காண்பீர்கள். இரும்பைப் புதிதாய்க் கண்ட பழமாந்தர், தம்முள் இறந்த ஒருவரை உள்ளே வைத்து மூடிய ஈமக்கல் அது. இன்று மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து அதன் வாயை அடைத்திருக்க, உள்ளே வெற்றுக் குப்பிகளும் நெகிழிப் பைகளும் நிறைந்து கிடக்கின்றன.

இக்கேட்டைச் செய்தவன் குடிகாரனும் அல்லன், கல் திருடனும் அல்லன். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கும் யோகேஸ்வரன். ஈராண்டுக்குமுன் அவன் முதன்முதல் வந்தபோது, அவ்விடம் பெருக்கி மெழுகிய வாசலைப்போல் துலங்கிற்று. ஏனெனில், தேயிலைச் செடிகளை வெட்டி மட்டப்படுத்தும் கவ்வாத்து வேலைக்குக் கத்தியைத் தொடுமுன், தோட்டத்து மக்கள் அக்கல்லையே தம் கவ்வாத்துச் சாமியாகக் கொண்டு, புல் செதுக்கி, மஞ்சள் பூசி, சேவலறுத்து, பொங்கலிட்டு ஆண்டுதோறும் வணங்கிவந்தனர். அவ்வழிபாட்டை முன்னின்று நடத்தியவர் தங்கவேலு.

"கை கால்ல வெட்டு விழாம காப்பாத்துற சாமிங்க" என்று அவர் கைகூப்பிச் சொன்னார். யோகேஸ்வரன் சற்றே பொறுத்தானா? எங்கே பொறுத்தான்! பூசை முடிந்து எல்லோரும் இலைமுன் அமர்ந்து உண்டுகொண்டிருக்கையில், "ஐயா, இது சாமி இல்லைங்க. பொணம் வச்ச குழி. அரசாங்கத்துக்குச் சொல்லிக் காவல் போட வைக்கிறேன்" என்று அறிவு ததும்ப மொழிந்தான். உண்டவர்கள் சோற்றை இலையிலேயே உதறிவிட்டு எழுந்தனர்.

மீண்டும் இன்று வந்தவன் புல் மண்டிய கல்லைக் கண்டு திகைத்து நின்றான். அவ்வழியே கொழுந்துக் கூடையுடன் வந்த அழகம்மா, தங்கவேலுவின் மனைவி, பாதையோர நீர்க்காலைத் தாண்டாமல் நின்றார்.

"இங்க யாரும் வர்றதில்லையாம்மா?"

"எப்படிங்க வருவாங்க? பொணக்குழிக்கிட்ட பொங்கித் தின்னோம்னு சனம் வெக்கப்பட்டுப் போச்சு. வேற எடத்துல கல்லு நட்டுக்கிட்டாங்க."

"ஐயா எப்படி இருக்காரு?"

"பொணத்துக்குப் பூசை வச்சவருன்னு பேரு வச்சிட்டாங்க. கோயில் பக்கமே தலைகாட்டுறதில்ல. வீட்டோட கெடக்குறாருங்க."

யோகேஸ்வரனுக்கு முகம் கருத்தது. அவன் வரவழைப்பதாய்ச் சொன்ன காவல் இன்றுவரை எட்டிப்பார்க்கவில்லை. இருந்த காவலையோ தன் வாயாலேயே விரட்டியிருந்தான். ஒரு நல்ல மனிதரைத் தலைகுனிய வைத்ததை எண்ணுகையில் நெஞ்சு கூசிற்று.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. அது சாமிதான்னு எல்லாருக்கும் சொல்லிடுறேன்."

"இப்ப பொய் சொல்லப் போறீங்களா?" என்றார் அழகம்மா.

அவன் காலணியைக் கழற்றிவைத்துப் புல்லுக்குள் நுழைந்து, அதன் கூர்விளிம்பு உள்ளங்கையைக் கீறுவதையும் பாராது, பற்றிப் பற்றிப் பிடுங்கினான். கற்களுக்கிடையே தவழ்ந்து சென்று குப்பிகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்துவைத்தான். அழகம்மா நீர்க்காலுக்கு அப்பாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து அவன் அருகில் வந்தபோது அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க. பொணக்குழிக்குள்ள போயிட்டு வந்திருக்கீங்க. கீழ பீலியில தண்ணி கொட்டுது, தலைக்கு ஊத்திக்கிட்டு லயத்து வீட்டுக்கு வாங்க. அப்படியே வந்து அவரு முன்னால நிக்காதீங்க."

அவன் இறங்கிச் சென்று, குழாய்வழியே கொட்டும் மலைநீரின்கீழ் நின்றான். தங்கவேலுவின் முகத்தில் எப்படி விழிப்பது என்னும் நாணத்தில் குளிரும் உறைக்கவில்லை. எத்தனையோ ஈமக்குழிகளைத் தோண்டி, அளந்து, கையைத் துடைத்துக்கொண்டு உணவுண்ணப் போனவன், உள்ளே கிடந்தவரும் ஒருநாள் அழுது வழியனுப்பப்பட்ட மனிதரே என்று எண்ணிக் குளித்தது இன்றுதான்.