செவ்வாய்க்கிழமை அழுதவள்

"அக்கா, நீங்க விட்டுக்கொடுக்கலேன்னா எனக்கு இந்த வேலை ஏது?"

வாசலில் நின்றபடி இப்படிச் சொன்னவள், கையிலிருந்த கேக் பெட்டியை நீட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. ஹோட்டல் துணியறையில் பதினோரு வருஷமாகக் கூட வேலை பார்ப்பவள் அவள். ஆள் குட்டை. மேல்தட்டிலிருந்து படுக்கை விரிப்பை எடுக்க ஸ்டூல் போட்டுத்தான் ஏறுவாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'ஸ்டூல்'.

கதவைத் திறந்தவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நான் என்னத்தடி விட்டுக்கொடுத்தேன்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க! கடற்கரை ஹோட்டல் துணியறைத் தலைமை வேலைதான். நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்களாம். அடுத்தது என் பேராம். தலைமை ஆபீஸ் மேடமே கூப்பிட்டுச் சொன்னாங்க. நாலு வருஷம் கறை எடுக்கக் கத்துக்கொடுத்ததே பெருசு. இப்ப நாற்காலியையும் கொடுத்திட்டீங்களேக்கா!"

சமையலறையில் மகள் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து அரைமணி ஆகிவிட்டது. கவிழ்த்ததே கதவைத் திறந்த இவள்தான்.

ஹோட்டலில் இவள் பெயர் கஞ்சியக்கா. மேஜைத் துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தே கஞ்சி கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவாள். ஆளும் அப்படித்தான், கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக நிற்பாள். வயது ஐம்பது. கணவன் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இன்றுவரை விரிப்பு, உறை, துண்டு, மகள் என்று ஓடியாகிவிட்டது.

அந்தத் துணியறையில் ஒரு விஷயத்தை அவள் நன்றாகக் கற்றிருந்தாள். விருந்தாளிகள் கறைபடுத்திவிட்டால் அந்த இடத்தை அடியில் மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். எந்த விரிப்பு அளவுக்கு மீறி அழகாக மடிக்கப்பட்டிருக்கிறதோ அதைத்தான் அவள் முதலில் பிரிப்பாள்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா இரு. மேல்தட்டுக்கு ஏணி கேட்டு வாங்கிக்கோ. ஸ்டூல் போட்டு ஏறி இடுப்பை ஒடிச்சுக்காதே" என்று சொல்லி ஸ்டூலை அனுப்பிவைத்தாள். கேக்கைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். மகள் எட்டிப் பார்த்து, "யாரும்மா அது?" என்றாள். அவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்திருக்கும் விஷயத்துக்கு அப்படி ஒரு கேள்வி.

"வேலை செய்யற இடத்துல ஒருத்தி" என்றாள் தாய்.

அன்றிரவு கூடத்து மடக்குக் கட்டிலில் படுத்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடற்கரை ஹோட்டல் வேலையோடு ஒரு தனி அறை உண்டு. பிறந்த வீட்டில் மூன்று தங்கைகளோடு ஒரே பாய். புகுந்த வீட்டில் நாத்தனாரும் கணவனுமாக ஒரே அறை. இங்கே, டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் இந்தக் கட்டில். தனக்கென்று ஒரு கதவு, அதில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஐம்பது வயதில் அவள் ஆசைப்பட்டது அதற்குத்தான். நேர்காணலுக்குப் போய் வந்ததைச் சொன்னபோது மாப்பிள்ளைகூடச் சிரித்தார். "அத்தை பெரிய அதிகாரி ஆயிட்டா நாமெல்லாம் சீட்டெழுதிக் கொடுத்துத்தான் பாக்கணும்!" மகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் தலைமை அலுவலகத்தில் இறங்கினாள். ஆளெடுக்கும் அதிகாரி சின்ன வயதுக்காரி. மரியாதையாக உட்காரச் சொன்னாள்.

"நீங்களேதானே பேசினீங்க?" என்று குறிப்பேட்டைப் புரட்டினாள். "இதோ. செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை. 'வயசாயிடுச்சு, மூட்டுவலி, மாடி ஏற முடியல, பேத்தியை விட்டுட்டு இருக்க முடியாது, வேற யாருக்காவது கொடுத்திருங்க.' அப்புறம்…"

"அப்புறம்?"

"அழுதீங்க. அதனாலதான் நான் மேற்கொண்டு கேக்கல."

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஹோட்டலில் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு கையிலும் விரிப்பு மூட்டையோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள் அவள். போன் வீட்டில் இருந்தது. எப்போதும் வீட்டில்தான் இருக்கும். பேத்திக்கு மூன்று வயது. பாட்டியின் போனில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். அதற்காகத் தினமும் போனை விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

"அது நான் இல்லீங்க" என்றாள்.

அதிகாரி நெற்றியைச் சுருக்கினாள். "உங்க குரல்தானே அது? இப்ப கேக்கறதும் அதே குரல்தான்."

"குரல் என்னோடதுதான். நான் இல்ல."

அந்தக் குரல் ஒற்றுமை அவர்கள் குடும்பத்தில் பழைய வேடிக்கை. போனில் பேசினால் தாய் யார், மகள் யார் என்று படைத்த தெய்வத்துக்கே தெரியாது. நிச்சயம் முடிந்த புதிதில் மாப்பிள்ளை ஒருநாள் போன் செய்து, இவள் "ஹலோ" சொன்னதுமே, "என் தங்கக்கட்டி, கோபமா?" என்று ஆரம்பித்துவிட்டார். "மாப்ளே, தங்கக்கட்டி குளிக்கப் போயிருக்கு. நான் அத்தை பேசறேன்" என்றாள். மனிதர் ஒரு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருக்கிறார்கள்!

அதிகாரிக்கு மெல்லப் புரிந்தது. "யாருன்னு கேக்கலாமா?"

"கேக்காதீங்க."

அதிகாரி குறிப்பேட்டை மூடினாள்.

"அந்தப் பொண்ணுக்கு உத்தரவு கொடுத்தாச்சு. வேணும்னா நான் மேல பேசி…"

"வேணாம். அவ பாவம், கேக்கெல்லாம் வாங்கிட்டா. அங்க வேற ஏதாவது இடம் இருக்கா?"

"உதவியாள் இடம் ஒண்ணு இருக்கு. ஆனா அவளுக்குக் கீழ. நீங்க வேலை கத்துக்கொடுத்தவகிட்டயே நீங்க…"

"எனக்குக் கை கூசாது. ரூம் உண்டா?"

"சின்ன ரூம்தான்."

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா?"

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தாள். "இருக்கும்."

"எங்க கையெழுத்துப் போடணும்? நாளைக்கே கிளம்பறேன். இன்னொண்ணு. இனிமே போன்ல நான் எது சொன்னாலும் நம்பாதீங்க. என் கையெழுத்து இருந்தா மட்டும் நம்புங்க."

அதிகாரி அரைநாள் விடுப்பும் கொடுத்துவிட்டாள். மதியம் அவள் வீடு வந்தபோது பேத்தி உயர நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் ஒரு கையில் குழந்தையின் கிண்ணம், ஒரு கையில் ஸ்பூன் என்று நின்றிருந்தாள்.

"எதுக்கு அழுதே?" என்றாள் தாய்.

"என்னம்மா?"

"செவ்வாய்க்கிழமை. மூட்டுவலின்னு சொன்னது சரி, வயசாயிடுச்சுன்னு சொன்னது சரி. எதுக்கு அழுதே? அதுவும் நடிப்பா?"

மகள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் வேகத்தோடு பேசினாள்.

"பின்ன என்னம்மா பண்ணச் சொல்றே? எனக்கு லேப் வேலை கிடைக்கிற நேரம். மூணு வருஷமா வீட்டுக்குள்ளயே கிடக்கறேன். நீ வேலையை விட்டுட்டுப் பாப்பாவைப் பாத்துக்குவேன்னு நம்பித்தான் மனு போட்டேன். நீ பாட்டுக்கு மூட்டையைக் கட்டினா? இந்த வயசுல, தெரியாத ஊர்ல, தனியா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க, பொண்ணு துரத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டிருக்கலாமே. வாயைத் திறந்து கேட்டிருந்தா?"

"கேட்டா நீ போறேன்னுதான் சொல்லியிருப்பே."

"அது தெரிஞ்சுதான் பேசியிருக்கே."

தாய் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தட்டை அவ்வளவு உற்றுப் பார்த்துச் சாப்பிட்டு அவள் கண்டதில்லை.

"உங்களுக்கும் தெரியுமா மாப்ளே?"

"இல்ல அத்தை… நாங்க ரெண்டு பேரும் பேசித்தான்… உங்க நல்லதுக்குத்தான்…"

மகள் ஒருத்தி பயத்தில் செய்த தப்பு என்று வழியெல்லாம் தாய் மனதை ஆற்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். இந்த மேஜையில், அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பேசியிருப்பார்கள்.

"நான் நிஜமாத்தான் அழுதேன்" என்றாள் மகள் திடீரென்று. "உன் குரல்ல பேசப் பேச, நீயே பேசற மாதிரி இருந்துச்சு. தாங்கல." சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடியது.

அந்த வீட்டில் மகளுக்கு ஒளிந்து அழ ஒரு தாழ்ப்பாள் இருந்தது. தாய் கூடத்தில் நின்றாள்.

மேஜைமேல் மகளின் போன் அடித்தது.

"எடுங்க அத்தை, லேபாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. கை எச்சில்.

எடுத்தாள். "ஹலோ."

"வணக்கம். பரிசோதனை மையத்திலிருந்து பேசறேன். உங்க மனுவைப் பாத்தோம். வேலை உங்களுக்குத்தான். சேர விருப்பமா, இல்லையா? இப்பவே சொல்லிட்டா நல்லது."

அவளிடம்தான் கேட்டாள் அந்தப் பெண். அவளையே மகள் என்று நினைத்துக் கேட்டாள். 'வேணாம்' என்ற மூன்றெழுத்து நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. வேண்டுமானால் கொஞ்சம் அழவும் செய்யலாம். இப்போது அதற்கு நடிக்கவே வேண்டாம். மாப்பிள்ளை கை அந்தரத்தில் நிற்க அவளையே பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் கஞ்சியக்கா. "நான் அவ அம்மா. அவ வாழ்க்கை, அவளே வந்து சொல்லட்டும்."

கதவைத் தட்டினாள். மகள் ஈர முகத்தோடு வந்தாள். கையும் ஈரம். ஸ்பீக்கரைப் போட்டு மேஜையிலேயே வைத்துப் பேசினாள்.

"வரேன் மேடம். திங்கட்கிழமையே வரேன்."

"காலை ஏழு மணி ஷிஃப்ட். சின்னக் குழந்தை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. யார் பாத்துப்பா?"

மகள் தாயைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு கண்ணைப் போன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்கம்மா இருக்காங்க மேடம். அவங்க வேலையை விட்டுட்டாங்க."

"விடல" என்றாள் தாய்.

"என்னங்க? விட்டுட்டாங்களா, விடலையா? லைன்ல எதிரொலிக்குதே!"

தாய் மேஜைப் பக்கம் குனிந்தாள். "எதிரொலி இல்லம்மா. நான் அவ அம்மாதான் பேசறேன். நாளைக்குக் காலையில நான் வெளியூருக்கு வேலைக்குப் போறேன். குழந்தையை அதோட அப்பா பாத்துப்பார். அவருக்கு மதியத்துக்கு மேலதான் வேலை."

"அப்பாவா?" அந்தப் பெண்ணின் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இல்லங்க, நிஜமா யார் பாத்துப்பா?"

"அவர்தான் மேடம்" என்றாள் மகள். "நிஜமாவே அவர்தான்."

"இப்படிச் சொல்லிட்டு ரெண்டு நாள்ல லீவு கேப்பீங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கோம்."

மூவரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பேத்தி உட்பட. பொம்மைப் படம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"பாத்துக்கறேன்" என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ஓ, சார் இருக்கீங்களா! ரொம்ப சந்தோஷம் சார். நீங்க சொன்னா சரிதான் சார். அப்ப திங்கட்கிழமை அவங்களை அனுப்பிவைங்க."

போன் அணைந்தது. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிச் சொல்லியும் ஏறாதது, கையில் சோறு காய்ந்த ஒருத்தர் ஒரே வார்த்தை சொன்னதும் ஏறிவிட்டது. தாய்க்குச் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்தாள். மகளும் சிரிக்கப் போனவள், சிரிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைவு வந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

கஞ்சியக்கா பேத்தியின் கையிலிருந்து தன் போனை மெல்ல வாங்கிக்கொண்டாள். குழந்தை வீடு இடிந்து விழுகிற மாதிரி அலறியது. கஞ்சியக்கா கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தாள். அவர் அந்த ஸ்பூனைப் புதுசாக வந்த கருவி எதையோ பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் பிரித்து, உதறி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா. அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவியா?"

தாய் மடிப்பதை நிறுத்தவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம். அதற்கு இன்னும் நாள் வேண்டும் என்று தோன்றியது.

"பண்ணுவேன்" என்றாள். "எடுத்ததும், யார் பேசறதுன்னு முதல்ல சொல்லு."