பதினாறுக்கு மேல் ஏறாது

ஏரியோரம் இருக்கும் எங்கள் பாலிகே ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள் ருமோண்டாங். என் கணவரின் தங்கை. நாத்தனாரும் அண்ணியும் இங்கே ஒருவரையொருவர் ‘எடா’ என்றுதான் கூப்பிடுவோம். மரியாதைக்குப் பெண்களை ‘இனாங்’, ஆண்களை ‘அமாங்’ என்போம். அவளோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் ஏரிக்கரையில் யாரும் இல்லை.

பழைய ஆர்கனின் துருத்தி கிழிந்த பிறகு சபை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியது. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கீபோர்டையும் கால்மிதிகளையும் அதில் மாட்டி வாசித்தால், ஐரோப்பாவில் எங்கோ ஒரு பழைய ஆர்கனைக் குழல் குழலாகப் பதிவு செய்த சத்தம் ஸ்பீக்கரில் வரும். அதில் சின்ன ஆர்கன் ஒன்று, பெரிய ஆர்கன் ஒன்று. சின்னது ஓடியது. பெரியதைத் திறந்தால் மட்டும் நினைவகம் போதவில்லை என்று திரையில் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அத்தனை குழல்களும் ஒரே சமயத்தில் நினைவகத்தில் ஏறி உட்கார வேண்டுமாம். பெட்டியில் இருந்தது பதினாறு ஜிபி. பெரிய ஆர்கனுக்கு இருபதுக்கு மேல் தேவைப்பட்டது.

பெட்டியை விற்றவர் சந்தையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டோகார் பர்டேடே. சபை மூப்பரும் அவர்தான். கூட்டத்தில் ருமோண்டாங் எழுந்து, கூடுதல் நினைவகம் போட்டால் என்ன என்று டோகாரிடம் கேட்டாள்.

“இனாங், மெஷின் வந்த அட்டைப்பெட்டியிலயே அச்சடிச்சிருக்கான், அதிகபட்சம் பதினாறுன்னு. செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?”

“அதுக்கு மேல போட்டுப் பாத்துட்டு எழுதினானா அமாங், பாக்காமலே எழுதினானா?”

“பெரிய சத்தம் வேணும்னா பெரிய மெஷின் வாங்குங்க. இல்லன்னா சபை ஆண்டு விழாவுக்கு என் மருமகன் மேடான் டவுன்லேர்ந்து அவன் கீபோர்டைக் கொண்டு வருவான். தாளமும் அதுலயே வரும்.”

“தாளமா! பலிபீடத்துக்கு முன்னால கல்யாண வீட்டுக் கச்சேரியா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முடிவு டோகார் பக்கம்தான் சாய்ந்தது. ஆண்டு விழா நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரிய ஆர்கன் ஓடாவிட்டால் மருமகன் வருவான்.

ஆர்கன் வாசிப்பவர்களின் குழு ஒன்றில் அவள் போனில் விசாரித்தாள். மனாடோ ஊர்க்காரர் ஒருவர், இதே பெட்டியில் முப்பத்திரண்டு ஓடுகிறது என்றார். முதல் தடவை திரை ரொம்ப நேரம் கறுப்பாகவே இருக்கும், புது நினைவகத்தோடு பழகிக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும், அவசரப்பட்டு அணைக்காதே என்றும் சொன்னார். கூப்பாங் ஊர்க்காரர் ஒருவர், தன் பெட்டிக்கு உயிரே வரவில்லை, பணம் தண்டம் என்றார். அன்று சாயங்காலமே அவள் கொட்டகையிலிருந்த பன்றியை விற்று முப்பத்திரண்டு ஜிபி நினைவகக் குச்சியை வரவழைத்தாள்.

“எடா, கூப்பாங்காரர் சொன்னதையும் யோசிச்சியா?” என்று கேட்டேன்.

“யோசிச்சேன். ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தானே நம்ப முடியும்.”

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் வந்திருந்தோம். எங்கள் கண்ணெதிரே அவள் டோகார் கடையின் ஸ்டிக்கரைக் கிழித்தாள், திருகாணிகளைக் கழற்றினாள், பழைய குச்சியை எடுத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்தினாள். பட்டனைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

“பாஹ்! போச்சு,” என்றார் டோகார். “ஸ்டிக்கர் கிழிஞ்சாச்சு, வாரண்டியும் கிடையாது. ஒரு பன்னியைக் குச்சியாக்கின பொம்பளையை இப்பதான் பாக்கறேன்.”

பின்வரிசையில் பாஸ் என்ற அடிக்குரல் பாடும் மோனாங், “அணைச்சிட்டுப் போடுங்க இனாங், எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாகும்,” என்று பிளக்கை நோக்கி வந்தார்.

ருமோண்டாங் சுவரோடு ஒட்டி, பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இதுல கை வெச்சா, அந்தக் கையோட நீங்க வீட்டுக்குப் போக மாட்டீங்க.”

“எவ்வளவு நேரம்தான் கறுப்பையே பாத்துட்டு நிக்கறது?”

“பாக்க வேண்டாம். பாடுங்க. வாய் எதுக்கு இருக்கு? மோனாங், எடுங்க!”

சுருதி கொடுக்க ஒன்றும் இல்லை. அவளே நான்கு குரலுக்கும் முதல் ஸ்வரத்தை முனகிக் காட்டினாள். ஒரு பாட்டு முடிந்தது. திரை கறுப்பு. அடுத்ததைத் தொடங்கச் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது: தாளம் போட்ட கை உறுதியாக இருந்தது, இன்னொரு கை பாவாடைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாட்டின் கடைசிச் சரணத்தில் டோகாரும், வேறு வழியில்லாமல் என்பதுபோல, டெனர் வரிசையில் சேர்ந்துகொண்டார். அவருக்கு நல்ல குரல்.

அந்தச் சரணம் முடியும்போது திரையில் வெளிச்சம் வந்தது. பாடிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. நினைவகம்: முப்பத்திரண்டு ஜிபி.

யாரோ கத்தினார்கள். ருமோண்டாங் கத்தவில்லை. பெரிய ஆர்கனைத் திறந்தாள். அது ஏறி முடிப்பதற்குள் நாங்கள் மீ கோமாக் நூடுல்ஸ் சாப்பிட்டுத் தேநீரும் குடித்துவிட்டோம். பிறகு காலால் ஒரு மிதியை அழுத்தினாள். அந்த அடித்தொனி எங்களுக்குக் காதில் கேட்பதற்கு முன் பெஞ்சுப் பலகையில் தெரிந்தது. மோனாங் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“இன்னைக்கு ஓடுது,” என்றார் டோகார். “நாளைக்கு ஆராதனை நடுவுல நின்னுட்டா?”

“நின்னா என்ன அமாங்? அது இல்லாமலே ரெண்டு பாட்டு பாடினோமே. நீங்களும்தான் பாடினீங்க.”

அவர் வெளியே போய் மேடானுக்குப் போன் செய்து, மருமகனை வர வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு இடத்தில் சத்தம் லேசாகக் கரகரத்தது. மற்றபடி கடைசிவரை நிற்கவில்லை. இடம் போதாமல் வெளியே நின்றவர்கள், புதிதாக ஆர்கன் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டார்கள். இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது, பெட்டி சூடாகிறது என்று பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி வைத்திருக்கிறாள். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன வாரக் கூட்டத்தில் அவள் மறுபடி எழுந்தாள். ஒரே குச்சியில் நாற்பத்தெட்டு ஜிபி வந்திருக்கிறதாம், இன்னும் பெரிய ஆர்கன் ஒன்று இருக்கிறதாம். டோகார் அட்டையைப் பற்றிப் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எப்ப போடறீங்க? நானும் வந்து பாக்கறேன்,” என்றார்.