இருநூற்றுப் பதினான்காம் மரம்

என் அக்காவுக்கு வன அலுவலகத்தில் மரம் அளக்கிற வேலை. நான் அங்கேயே ஜீப் ஓட்டுகிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் அவள். என் கல்யாணத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்துவிட்டு, நாங்கள்தான் அவசரப்பட்டோம் என்றாள்.

காட்டுக்குள் புதுச் சாலை வருகிறது. மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே பொந்து என்றால் அக்கா சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போடுவாள். பதிவேட்டில் 'பயன்: இல்லை' என்று எழுதுவாள். அவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

வெட்டு தொடங்கும் நாள் காலையில், ஜீப்பில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"இருநூத்திப் பதினாலோட அடியில பழக்கொட்டை குவிஞ்சு கிடந்துச்சுன்னு எழுதியிருக்கேன்."

"சரி, அதுக்கென்ன?"

"அது பழம் காய்க்கிற மரமே இல்லடா! மேல யாரோ தின்னுட்டுத் துப்பியிருக்காங்க. வேகமாப் போ. நான் தப்பு பண்ணிட்டேன்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லா! வண்டியை ஓடைக்குள் விட்டிருப்பேன்.

நாங்கள் போனபோது ரம்பக்காரர்கள் தயாராக நின்றார்கள். அக்கா மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இருவாச்சிப் பறவை சார். பெட்டை பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சிருக்கு. வெட்டினா குஞ்சோட செத்துரும். சேவல் பழம் கொண்டாந்து ஊட்டும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

ரேஞ்சர் சிரித்தார். "இந்தக் காட்டுல இருவாச்சியைப் பார்த்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சும்மா. குறி போட்டது நீங்கதானே?"

"நான்தான். தட்டிப் பார்த்தேன், நிமிர்ந்து பார்க்கல. என் தப்பு."

எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அரை மணி நேரம் தர்றேன்," என்றார் ரேஞ்சர்.

இருபத்தைந்து நிமிடம் ஒன்றுமில்லை. ரம்பக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு காற்றைக் கிழிக்கிற சிறகுச் சத்தம். பெரிய மஞ்சள் அலகோடு சேவல் வந்து மரத்தில் தொற்றியது. மண் பூசிய பொந்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல். அதில் பழத்தை நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார். ரம்பங்கள் தரைக்கு இறங்கின.

அக்கா பதிவேட்டைத் திறந்து 'இல்லை' என்பதை அடித்தாள். 'பயன்: வீடு. குடும்பம் இருக்கிறது. முன்பு எழுதியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அக்கா திட்டுகிறாள். கழற்ற மாட்டேன்.