உட்காரச் சொல்லாத நாள்

ரூபன் துணிப்பையிலிருந்து ஒரு செயற்கைக் காலை எடுத்து மேசை மேல் நிறுத்தினான். பிறகு தரையில் வைத்திருந்த சாக்கை லின்சியின் பக்கம் நகர்த்தினான்.

"பத்து தேங்காய் இருக்குதுங்க. உரிச்ச காய்தான். எல்லாரும் எடுத்துக்கோங்க."

காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைகளுக்கு நடுவே இருந்தது அந்தச் செயற்கைக் கால் நிலையம். வரவேற்பில் இருந்த லின்சி, பழுதுபார்க்கத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"என்னண்ணா, ஸ்ட்ராப் போயிருச்சா?"

"இல்லீங்க. அக்ஷிதா மேடம் இருக்கறாங்ளா?"

அக்ஷிதா உள்ளே இருந்து வந்தாள். காலைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அவள் அளவெடுத்துச் செய்த கால். பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும், ரூபனின் மனைவி பிந்துவின் இடது கால். வண்டி விபத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, தீபாவளிக் கூட்டத்துக்குள் கடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு வாங்கிப் போனாள்.

"இதை வேற ஆருக்காச்சும் மாட்டி உட்டுருங்க மேடம்," என்றான் ரூபன். "புதுசாட்டத்தான் இருக்குது. சும்மா ஊட்ல கெடந்து என்னத்துக்கு ஆகுது."

"அக்காவுக்கு?"

"அவளுக்கு இப்ப ஆகாதுங்க." தரையைப் பார்த்தான். "புண்ணாயிருச்சு. பொள்ளாச்சியில ஆஸ்பத்திரில சேத்திருக்கறனுங்க. சாயங்காலம் பெரிய டாக்டரு வர்றாரு. எலும்பு வரைக்கும் போயிருந்துச்சுன்னா முட்டியோட எடுக்கோணுமாம்."

அக்ஷிதாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

முழங்கால் இருந்தால் நடை திரும்பும். படி ஏறலாம், பேருந்தில் ஏறலாம், நாள் முழுக்க நின்று சேலை விரிக்கலாம். முழங்கால் போனால் எல்லாமே வேறு கணக்கு. இது அவளுக்குப் படிப்பில் முதலில் சொல்லித் தந்த பாடம்.

"நீங்க சங்கடப்படாதீங்க," என்றான் ரூபன். "எங்க நேரம் அப்பிடி. காயைக் குடுத்துட்டு வாங்கன்னு அவதான் சொல்லி உட்டா. வாரனுங்க."

அவன் போன பிறகு அக்ஷிதா காலை உள்ளே எடுத்துப் போனாள். மிச்சக் காலைச் செருகும் கிண்ணத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். அடியில் பழுப்பாக ஒரு கறை. பக்கங்களில் துணி ஒட்டியிருந்தது. இழுத்தாள். ரவிக்கைத் துணியில் வெட்டிய துண்டுகள். மாம்பழ நிறம், கிளிப்பச்சை, ஒன்றில் ஜரிகைகூட இருந்தது. கடைசியாக ஒரு குழந்தையின் சாக்ஸ் வந்தது. பிந்துவின் மகள் இனியாவுடையதாக இருக்கும்.

முதல் சில மாதங்களில் மிச்சக் கால் மெலியும். கிண்ணம் லூசாகும். எலும்பு முனை அடியில் போய் இடிக்கும். வரவழைத்து, உட்காரவைத்து, கழற்றிப் பார்த்து, சரிசெய்து அனுப்ப வேண்டும். அரை மணி நேர வேலை.

அதைத்தான் அவள் போனுக்கு மாற்றினாள். வெளியூர்க்காரர்கள் பாவம், பேருந்தில் அலைய வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னாள். முதலாளிக்கும் பிடித்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் அது காரணமும் இல்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்தால் அவளுக்கு வார்த்தை வராது. அளவு எடுக்கும்போது பரவாயில்லை, காலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். போன் அதைவிட வசதி.

"வலி ஏதாவது இருக்குதுங்களா அக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"சரிங்க்கா."

ஒவ்வொரு மாதமும் இதே பேச்சு. ஒவ்வொரு மாதமும் போனை வைத்ததும் நிம்மதி.

லின்சி வந்து கதவோரம் நின்றாள். துணித் துண்டுகளைப் பார்த்தாள்.

"இத்தனையா அடைச்சு வெச்சிருந்தாங்க?"

"ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க லின்சி."

"சொல்லுவாங்க. உங்கூட்டுக்கு ஒறம்பரை வந்தா, இன்னொரு இட்லி வெக்கட்டுங்களான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"போதும்னு."

"அப்ப உங்கம்மா சட்டியத் தூக்கிட்டு உள்ள போயிருவாங்களா? அவங்க கையை வெச்சு மறைச்சாலும் ஓரமா ஒண்ணை வெச்சுட்டுத்தான போவாங்க? நீ எந்த ஊர்லடி பொறந்த?"

லின்சி கேலியாகத்தான் தொடங்கினாள். அக்ஷிதாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அக்ஷிதா பிறந்தது இதே ஊரில்தான். வீட்டில் தெலுங்கு பேசினாலும் உபசாரம் எல்லாம் இந்த ஊர் உபசாரம்தான். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பிந்துவின் குரலில் அந்த 'ஒண்ணுமில்லீங்க'வுக்கு முன்னால் வந்த சிறு இடைவெளிகூட அவள் காதில் விழுந்திருந்தது. விழாத மாதிரி இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். அவ்வளவுதான்.

"நான் பொள்ளாச்சி போறேன்," என்றாள்.

"போயி என்ன சொல்லப் போற?"

அது தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு கடைசியில், சன்னலோரக் கட்டிலில் பிந்து சாய்ந்திருந்தாள். அக்ஷிதாவைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"அட, வாங்க அம்மணி! இத்தனை தூரம் எதுக்கு வந்தீங்க? பஸ்ஸுல எடம் கெடைச்சுதுங்களா? ஏனுங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க. உக்காருங்க, உக்காருங்க. ஆரஞ்சு தின்னுங்க."

ரூபன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அக்ஷிதா உட்கார்ந்தாள். கட்டு போட்ட கால் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. காலைப் பார்ப்பது எளிது. அவள் நிமிர்ந்து பிந்துவைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணுங்க்கா."

"நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்கு நேரம் செரியில்லை."

"நேரமில்லீங்க. நான்தான்."

"அப்பிடியெல்லாம் நெனைக்காதீங்க. தண்ணி குடிக்கிறீங்ளா?"

அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். இங்கேயே எழுந்து போய்விடலாம். வந்ததும் ஆயிற்று, சொன்னதும் ஆயிற்று, மன்னிப்பு மாதிரி ஒன்று கிடைத்தும் ஆயிற்று. ஊருக்குப் பேருந்து நிறைய உண்டு.

"மொத மொத எப்ப வலிச்சுதுங்க்கா?"

பிந்து போர்வை நுனியை மடித்தாள். பிரித்தாள். அக்ஷிதாவுக்கு அந்த மௌனத்தை ஏதாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"கார்த்திகையில," என்றாள் பிந்து. "மேல் தட்டுல இருந்து பட்டு எடுக்கறப்ப. கால் உள்ள வழுக்கற மாதிரி இருந்துச்சு. ரவிக்கைத் துண்டு மிச்சமிருந்துச்சு, வெச்சுக்கிட்டேன். அன்னிக்கு நல்லாருந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு."

"கடையில சொல்லலீங்களா?"

"எங்க சொல்றது? கால் போனவ நாள் முழுக்க நிப்பாளான்னு மொதலாளி கேட்டாரு. நிப்பேன்னு சொல்லித்தான திரும்பச் சேந்தேன்." கொஞ்சம் சிரித்தாள். "ஒரு கல்யாணப் பார்ட்டி நாப்பது சேலையைப் பிரிக்க வெச்சு ஒண்ணுமே எடுக்காமப் போனாங்க. அன்னிக்குத்தான் ரத்தம் வந்துச்சு. நானும் சிரிச்சுட்டே வழியனுப்புனேன்."

"என்கிட்டயாவது..."

"உங்ககிட்டச் சொல்லத்தான் வந்தனுங்க."

அக்ஷிதா அவளைப் பார்த்தாள்.

"தை மாசம். மாசாணியம்மன் கோயிலுக்குப் போறேன்னு கடையில லீவு சொல்லிட்டு நேரா கோயமுத்தூருக்கு பஸ் ஏறிட்டேன். அந்தப் புள்ளை லின்சி உள்ள போயி உங்களைக் கூப்புட்டுச்சு. நீங்க வந்தீங்க. கதவைப் புடிச்சுட்டு நின்னுட்டே பேசுனீங்க. எல்லாம் நல்லாருக்குதுங்களா அக்கா, எதுன்னாலும் போன் பண்ணுங்கன்னீங்க. சிரிச்சீங்க." பிந்து நிறுத்தினாள். "உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா கழட்டிக் காட்டியிருப்பனுங்க. நின்னுட்டே எப்பிடிங்க சேலையைத் தூக்கிக் காட்டறது?"

அக்ஷிதாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று பெரிய வேலை ஒன்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பிந்து திரும்பி நடந்தபோது இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்ததையும் பார்த்தாள். போகட்டும், போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். போனில் கேட்டாள். ஒண்ணுமில்லீங்க என்றாள் பிந்து.

"ஏ பிந்து, என்ன பேச்சு இது?" என்றான் ரூபன். "இத்தனை தூரம் வந்தவங்ககிட்ட."

"பேசட்டுங்கண்ணா," என்றாள் அக்ஷிதா.

ஆனால் அப்போது டாக்டர் வந்துவிட்டார். திரையை இழுத்தார்கள். ரூபனும் அக்ஷிதாவும் வராந்தாவில் நின்றார்கள். ரூபன் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டான். உள்ளே பிந்து வலியில் ஒருமுறை கத்தினாள். இத்தனை மாதங்களில் அவள் வலி என்று போட்ட ஒரே சத்தம் அதுதான் என்று அக்ஷிதாவுக்குத் தோன்றியது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எலும்புக்குப் போகல. முட்டி தப்பிச்சுது. சுத்தம் பண்ணியிருக்கோம். ஆறு மாசம் எந்தக் காலும் மாட்டக் கூடாது. கடை கண்ணின்னு ஓடக் கூடாது, புரியுதா?"

"சரிங்க, சரிங்க," என்ற ரூபன் அவர் போகும் வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு டீ வாங்க ஓடினான். யாரும் கேட்கவில்லை.

அக்ஷிதா மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் இளகியிருந்தது. அந்த நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது.

"ஆறுனதும் நானே புதுசா அளவெடுத்துச் செஞ்சு தர்றனுங்க்கா. வாராவாரம் நானே இங்க வந்து பாக்கறேன்."

பிந்து சன்னலைப் பார்த்தாள். வெளியே தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"வேற ஆரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க அம்மணி," என்றாள்.

"கோவமாங்க்கா?"

"கோவந்தானுங்க. முட்டி போயிருச்சுன்னு நாலு நாளா நெனைச்சுட்டுக் கெடந்தேன். இனியா ஸ்கூல்ல வெளையாட்டு விழா. வர்றயாம்மான்னு கேட்டுட்டே இருக்குது. அதுக்கு என்ன சொல்லட்டும்?" குரல் உடைந்தது. "நீங்க நல்ல புள்ளைதான். தெரியும். ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வருது. மறுக்கா நான் உங்ககிட்ட வந்தாலும் ஒண்ணுமில்லீன்னுதான் சொல்லுவேன். எனக்குச் சொல்ல வராது."

நிலையத்தில் உடன் வேலை பார்க்கும் யஷ்வந்த் நன்றாக அளவெடுப்பான், வருகிறவர்களிடம் வளவளவென்று பேசுவான். அவனிடம் ஒப்படைக்கலாம். இதை அக்ஷிதா மெதுவாகச் சொன்னாள்.

"அவரு உக்கார வெப்பாருங்களா?"

"வெப்பாருங்க."

"அப்ப அவரே பாக்கட்டும்."

ரூபன் டீயோடு வந்தான். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு டம்ளர்களைக் கொடுத்தான். பிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசத் தொடங்கினாள். கடையைப் பற்றி, வலித்த இரவுகளைப் பற்றி, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு துணியை மாற்றியதைப் பற்றி, அக்ஷிதாவைப் பற்றியும். கேட்கக் கேட்க அக்ஷிதாவுக்கு மேலும் மேலும் கூசியது. பார்வையாளர்கள் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.