ஒட்டாத பீம்

விளையாட்டு அரங்கத்தின் பார்வையாளர் கேலரிக்கான மாடலைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தவளுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தவறு பிடிபட்டுவிட்டது. குறுக்கே போகும் சின்ன பீம்கள் பெரிய பீமின் மேல் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரிந்தன. ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நோடுகூட, இரண்டையும் இணைக்கும் புள்ளிகூட, வைக்கவில்லை. நோடு இல்லையென்றால் மென்பொருளின் கணக்கில் அவை ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாதவை. முந்நூறு பேர் உட்காரும் பாரம் பெரிய பீமுக்குப் போகவே இல்லை. அதை நம்பிப் பெரிய பீமை நோஞ்சானாகப் போட்டு வைத்திருந்தார் அக்கா புருஷன். அவளுக்கு மனசு குளிர்ந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு படிக்கட்டு ஆடியது. கணக்குப் போட்டவர் அவர். மேனேஜர் கேட்டதும், "மச்சினியாச்சேன்னு நம்பி விட்டுட்டேன் சார்" என்று, கணக்கையே இவள் போட்டதுபோல, அசராமல் பழியை இவள் தலையில் கட்டினார். டிசைனிலிருந்து தூக்கி, ஜன்னலே இல்லாத சரிபார்ப்பு அறையில் இவளைப் போட்டார்கள். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதாடி?" என்று அக்காவும் கேட்டாள். அதைத்தான் இவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போதே சொன்னால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல டீ குடிக்கப் போய்விடுவார். வியாழக்கிழமை மீட்டிங்வரை அவள் வாயே திறக்கவில்லை.

அன்றுதான் அவரைத் தலைமைப் பொறியாளராக்கும் பேச்சு. 'மாமாவுக்கு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கோடி' என்று அக்கா காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். இவளும் வேண்டிக்கொண்டாள், வேறு மாதிரி.

"சார், பாரம் ஏறினா எப்படி வளையுதுன்னு ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள் மீட்டிங்கில் அவரிடம்.

சிரித்துக்கொண்டே ஓட்டினார். சுவர் அளவு திரையில் சின்ன பீம்கள் தொய்ந்து, பெரிய பீமை ஊடுருவிக்கொண்டு கீழே இறங்கின. பெரியது ஆடாமல் அசையாமல் நின்றது.

மேனேஜர் எழுந்தேவிட்டார். "என்னங்க இது?" பிறகு இவள் பக்கம் திரும்பினார். "செக் பண்ணது நீதானேம்மா? பாக்கலையா?"

தன் தலையும் சேர்ந்து உருளும் என்று அவளுக்குத் தெரியும். ஆபீஸில் அவரை 'சார்' என்று மட்டுமே அழைத்தவள், முதல்முறையாக உறவைச் சொன்னாள்.

"மாமாவாச்சேன்னு நம்பி விட்டுட்டேன் சார்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மவுசைத் தேய்த்தார், நிறுத்தும் பட்டன் அகப்படவில்லை. கீபோர்டு இவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன் பக்கத்தில் இவள் போனில் அக்காவின் செய்தி ஒளிர்ந்தது: 'என்னாச்சுடி? முடிஞ்சுதா?'

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் பீம்கள் இறங்கின, ஏறின, மறுபடியும் இறங்கின.